மூன்றுக்கு நான்கு

சிலோயே தீவில் மழை
நேற்றும் பெய்தது, அதனால் அதைப் பேச வேண்டாம்.
ஏழாம் வகுப்பு. பதினொரு பேர்.
பலகையில் விகிதம் என்று எழுதிவிட்டுத் திரும்பினால்
பதினொரு பேரும் சன்னலுக்கு வெளியே
படகுத்துறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, படகிலிருந்தே தொடங்குவோம் என்று
மறுநாள் இரண்டு டப்பா பெயிண்ட் வாங்கி வந்தேன்,
என் காசில்.
ஒன்று மஞ்சள், ஒன்று நீலம்.
ஜாம் பாட்டில்கள் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள்.
ஒன்றில் மூர்த்தாப் பழ விதை இன்னும் ஒட்டியிருந்தது.

இரண்டு கரண்டி மஞ்சள், மூன்று கரண்டி நீலம்.
ஒரு பச்சை வந்தது.
நான்கும் ஆறும். அதே பச்சை.
ஆறும் ஒன்பதும் கலக்கியவள் மிலாராய்;
பாட்டில் கொள்ளாமல் வழிந்து
மேசையிலும் அதே பச்சை.

"குறுக்குவழி இருக்கிறது" என்றான் எலியேசர் கொலிவோரோ.
"இங்கே ஒன்று, அங்கே ஒன்று கூட்டினால் போதும்.
ஓரவஞ்சனை இல்லை."
மூன்றுக்கு நான்கு கலக்கினான்.

சன்னல் விளிம்பில் வரிசையாய் வைத்தோம்.
அவனுடையது மட்டும்
பிந்தி வந்து வரிசையில் நுழைந்த பிள்ளை மாதிரி
கொஞ்சம் வெளுத்து நின்றது.
"வெளிச்சம் அப்படி" என்றான்.
இடம் மாற்றி வைத்தான்.
வெளிச்சம் அப்படி இல்லை.

விடவில்லை. நான்குக்கு ஐந்து, ஐந்துக்கு ஆறு,
ஒன்பதுக்குப் பத்து வரை போனான்.
நீலம் எப்போதும் ஒன்று கூடுதல்தான்.
ஆனால் அந்த ஒன்று
கூட்டம் சேரச் சேரக் குரல் இழந்துகொண்டே போனது.
பாட்டிலுக்குப் பாட்டில் பச்சை
மஞ்சள் பக்கம் சாய்ந்தது,
யாரும் தள்ளாமல்.

மிலாராய் சொன்னாள்:
"எனக்கு ஒரு வயதில் அக்காவுக்கு இரண்டு.
என்னைப்போல் இரண்டு மடங்கு!
இப்போது பன்னிரண்டும் பதின்மூன்றும்,
என் சட்டையை அவள் போடுகிறாள்.
எண்பதில், எங்களில் யார் மூத்தவள் என்று
பாதிரியாருக்கே தெரியாது."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.
பயிற்சிக் கல்லூரியின் நான்கு வருடத்தில்
எவரும் எனக்கு இதை இப்படிச் சொன்னதில்லை.
வித்தியாசம் அப்படியே நின்றால் மடங்கு கரையும்.
மடங்கு நிற்க வேண்டுமானால்
வித்தியாசம் வளர்ந்தாக வேண்டும்:
ஒன்று, இரண்டு, மூன்று.
பலகையில் எழுதினேன்.
சாக்பீஸ் ஈரத்தில் வழுக்கியது.

எலியேசர் தோற்றான் என்று எண்ணி
அவன் பாட்டில்களைக் கழுவ எடுத்தேன்.
முதல் பாட்டிலின் மேல் கை வைத்தான்.
"இது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் எங்கள் படகுக்கு இந்தப் பச்சைதான் வேண்டும்."

படகு அவன் மாமாவுடையது, சிப்பி வளர்ப்பவர்.
உள்ளும் புறமும் சேர்த்து
இருபத்தொரு லிட்டர் ஆகும் என்று சொல்லி அனுப்பினார்.
எலியேசர் காகிதத்தோடு உட்கார்ந்தான்.
பத்தும் பதினொன்றும் இருபத்தொன்று. எழுதினான்.
சன்னல் வரிசையைப் பார்த்தான், நெடுநேரம்.
அடித்தான்.
பிறகு ஏழு ஏழாய்ப் பிரித்தான், விரலால், மேசைமேல்.
ஒன்பது. பன்னிரண்டு.
என்னிடம் காட்டவில்லை. எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தப்புக்கும் ஒரு விகிதம் இருக்கிறது,
அதற்கும் சமமானவை உண்டு என்று
எந்தப் பாடத்திட்டத்திலும் போடமாட்டார்கள்.

மூடுபனியில் மற்றப் படகுகள் எல்லாம் ஒரே சாம்பல்.
அதை மட்டும் கரையிலிருந்தே சொல்லிவிடலாம்.

ஆகஸ்டில் ஒரு பாறை உரசி
பக்கவாட்டில் உள்ளங்கை அளவு உரிந்தது.
இந்த முறை யாரும் பள்ளிக்கு வரவில்லை.
மூன்று மூடி மஞ்சள், நான்கு மூடி நீலம்,
பழைய சோடா பாட்டிலின் மூடி.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.
எங்கே ஒட்டுப்போட்டான் என்று
கண்ணுக்குப் பிடிபடவில்லை.
கையால் தடவினேன்.
கைக்கும்.