ஏங்கிப்போனன்

பீல் நகரத்தில் தெருவுக்கு இரண்டு பெயர்,
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
பலகை எழுதியவர் எதையும் விட்டுவிடவில்லை.
நான் விட்டேன்.

விபத்துக் காப்பீடு. டாக்டர் ஏப்லியின் அறை.
முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும்
மங்களேஸ்வரி, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னார்:
"தள்ளுவண்டியோட நிண்டனான். லிஃப்ட் கதவு திறந்தது.
லிஃப்ட் இல்லை.
நான் ஏங்கிப்போனன்."

நான் பாளையங்கோட்டைக்காரி.
எங்கள் பக்கம் ஏங்குவது
வராத கடிதத்துக்கு, பெறாத பிள்ளைக்கு,
அடுத்த வீட்டு மீன்குழம்பு வாசனைக்கு.
அந்த நினைப்பிலேயே ஜெர்மனில் சொன்னேன்.
டாக்டரின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன.
"எதற்காக ஏங்கினார்?"

அதையும் ஒழுங்காகத் தமிழில் கேட்டேன்.
மிச்சக்காசைக் குறைத்துக் கொடுத்தவளைப் பார்ப்பதுபோல்
மங்களேஸ்வரி என்னைப் பார்த்தார்.
"என்ன பிள்ளை கேக்கிறியள்?
கதவுக்கு அங்கால ஒண்டுமில்லை. கிடங்கு. இருட்டு.
ஒரு கால் வைச்சிட்டன்.
ஏங்காமல்?"

அவர்கள் ஊரில்
வெடிச் சத்தத்துக்குத் தொட்டில் பிள்ளை ஏங்கும்.
நள்ளிரவில் தொலைபேசி அடித்தால் வீடே ஏங்கும்.
நாங்கள் அதற்கு 'பகீர்' என்போம், வயிற்றில்;
'திக்' என்போம், நெஞ்சில்.
திருத்தினேன். மன்னிப்புக் கேட்டேன்.
டாக்டர் எழுத்தெழுத்தாக அழித்தார்.
"பரவாயில்லை" என்று என் தோளைத் தட்டிவிட்டு
மங்களேஸ்வரி படியில் இறங்கிப் போனார்.

ரயில் நிலையத்தில்,
டிக்கெட் இயந்திரம் சில்லறையைக் கொட்டிய நேரம்
அது வந்தது.

போன மாசி. பெர்ன். வேறோர் அலுவலகம்.
தஞ்சம் கேட்டு வந்தவர், இருபத்து மூன்று வயது இருக்கும்.
"வெள்ளை வான் ஒழுங்கைக்குள்ள திரும்பினது.
கண்டவுடன ஏங்கிப்போனன்."
வானைக் கண்டதும் அவருக்கு ஏக்கம் வந்ததென்று
தெளிவான ஜெர்மனில் சொன்னேன்.
அங்கே யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
பிறகு ஜெர்மனிலிருந்து தமிழில்
அவருக்கே வாசித்துக் காட்டினேன்: "ஏங்கினேன்."
அவர் காதுக்கு அது சரி.
தலையாட்டினார்.
பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார்.

குறிப்புத்தாளை அன்றே கிழித்துவிட வேண்டும், எங்கள் விதி.
மிஞ்சியது சம்பளச் சீட்டு:
மூன்றே கால் மணி நேரம், பயணப்படி தனி.
பெயர் இல்லை.

சில்லறையை எடுக்காமல் அந்த அலுவலகத்துக்கு அழைத்தேன்.
மணி பன்னிரண்டு பத்து.
உணவு இடைவேளை, ஒன்றரைக்குப் பிறகு அழைக்கவும் என்றது
பதிவுக் குரல்,
ஜெர்மனில் ஒருமுறை, பிரெஞ்சில் ஒருமுறை,
ஒரு சொல்லும் பிசகாமல்.