ஏழு பேர்

இடாப்பிலை இந்த வருஷம்
அங்கை நாப்பத்தொண்டு, இங்கை முப்பத்தாறு.
யாழ்ப்பாணத்திலையிருந்து வந்த வலயக்காரர்
கூட்டிப் பாத்திட்டுச் சொன்னார்:
ஒரு அதிபர் காணும்.

எந்தப் பேர், எந்தக் கொடி எண்டு
கனடாவிலை பழைய மாணவர் வட்ஸ்அப்பிலை அடிபாடு.
அரைக்கட்டை தூரத்திலை
ரெண்டு பள்ளிக்கூடம் ஏன் வந்தது?
ஒருத்தரும் கேக்கேல்லை.
அவையின்ரை வாங்கிலை எங்களை இருக்கவிடாத காலம்
அப்பு ஆக்கள் கல் சுமந்து கட்டினது
எங்கடை.

வலைப்பந்துக்கு ஏழு பேர் வேணும்.
எங்களிட்டை அஞ்சு, அவையளிட்டை நாலு.
கடிதம் வர முதலே
பங்கயற்செல்வி ரீச்சர் விசில் ஊதிவிட்டா.

நாலு பெட்டையளும் சைக்கிளிலை வந்து
விளையாடி வேர்த்து
எங்கடை கிணத்திலை அள்ளிக் குடிச்சினம்.
வாளியை ஒருத்தரும் கழுவேல்லை.

நாளைக்குப் போட்டி.
ஒன்பதிலை ரெண்டு பேர் வெளியிலை இருக்கோணும்.
எந்த ரெண்டு?