பேரம் பேசாதவன்

நவம்பரில் ஃபர்னஸ் செத்தது.
பழுதுபார்க்க வந்த பெண் டார்ச்சை அணைத்துவிட்டு
ஆயிரத்து அறுநூறு டாலர் என்றாள்,
துக்கம் விசாரிக்கும் குரலில்.

நிலவறையில் இரும்புப் பெட்டி.
பெட்டிக்குள் பதினோரு கைத்துப்பாக்கிகள்.
எண்பூட்டைத் திருகித் திறந்தேன்.
யாரை அனுப்புவது?

பெல்ஜியத்துக்காரனுக்கு வயது தொண்ணூறு.
விட்டால் இன்னொருவன் அகப்பட மாட்டான்.
அந்தக் குட்டிப் பிஸ்டல் தோர்டிஸ் வாங்கித் தந்தது,
கல்யாணமாகி மூன்றாம் வருஷம்,
நாங்கள் பேசாமலிருந்த ஒரு வாரத்தின் முடிவில்.
அதை எடுத்த வேகத்தில் வைத்துவிட்டேன்.

மிஞ்சியது ஏழாவது.
ஆறு குண்டுச் சுழல், வால்நட் கைப்பிடி.
பனி தள்ளும் இயந்திரத்தைக் கொடுத்து
மாற்றிக்கொண்டது.
இடப்பக்கத் திருகு அசலல்ல.
எனக்கு இதைப் பிடித்ததே இல்லை என்று
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
சொன்ன மாத்திரத்தில் பிடித்துத் தொலைத்தது.

மூன்று நாள் இழுத்தடித்தேன்.
குளிர் ஏற ஏறக் கொள்கை இறங்கியது.
தானியக் கிடங்கின் பலகையில் சீட்டு ஒட்டினேன்:
எண்ணூறு. பேசிக்கொள்ளலாம்.

கிளாஸ்கோவிலிருந்து வந்தான், நூற்று முப்பது மைல்,
பனி குறுக்கே வீசும் சாலையில்.
பெயர் லேலண்ட். முப்பத்தைந்து இருக்கும்.
பூட்ஸைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்தான்.

வாங்க வருகிறவர்களை எனக்குத் தெரியும்.
ஜன்னலோரம் சாய்த்துக் குழலுக்குள் பார்ப்பார்கள்.
திருகைக் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள்.
அறுநூற்றில் தொடங்குவார்கள்,
மனைவிக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவாள் என்பார்கள்.
இவன் சுழலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.
திருகை நானே காட்டினேன்.
பரவாயில்லை.
பழைய அட்டைப்பெட்டி, ரசீது எல்லாம் இருக்கிறது.
வேண்டாம்.
எண்ணூறையும் எண்ணி வைத்தான்,
மடிப்புக் கலையாத புதுத் தாள்கள்.
குண்டும் தருவீர்களா, என்றான்.
ஒரு டப்பாவில் ஐம்பது, என்றேன்.
அவ்வளவு எதற்கு, என்றான்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல.
தோர்டிஸ் போன ஜனவரியில்
கடைக்காரரிடம் நானே கேட்டிருக்கிறேன்,
சொல் மாறாமல்.

பாதி ஃபர்னஸ் மேசைமேல் கிடந்தது.
கை அதை நோக்கிப் போனது, மறைப்பானேன்.
விற்ற பொருள் வாங்கியவன் பாடு என்று
இருபது வருஷம் பேசிய வாய் இது.

விற்கவில்லை, என்றேன்.
அவன் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்து வாயில் வந்தது பொய்:
கீழே ஒரு ஃபர்னஸ் இருக்கிறது,
மேலே ஏற்ற ஆள் வேண்டும், என் முதுகு சரியில்லை.
(புதன்கிழமை அவர்களே வந்து எடுப்பதாக ஏற்பாடு.)

இழுத்தோம். துரு உதிர்ந்தது.
மூன்றாம் படியில் மூச்சு வாங்க நின்றான்.
ஆறாம் படியில் "மாரிஸ்" என்றான்,
பெயர் மட்டும். அது மகளா, மனைவியா,
நான் கேட்கவில்லை. என் விரல் நசுங்கியிருந்தது.
மேலே வந்ததும்
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
பசிக்கிறது என்றான்.

டின் சூப்பைச் சூடாக்கினேன்.
அக்கா ஹாவரில் இருக்கிறாளாம்.
எண்ணை வாங்கி அவன் எதிரிலேயே அழைத்தேன்.
விஷயத்தைச் சொன்னேன், சுற்றி வளைக்காமல்.
லேலண்ட் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பெட்டியின் சாவி எண்
ஒரு முறை என் நாக்கின் நுனிக்கு வந்து போனது.
பூட்டியாயிற்று, பூட்டியாயிற்று என்று சொல்லிக்கொண்டேன்.

அவள் வரும்வரை சீட்டாடினோம்,
கோட்டும் குல்லாயுமாக, வாயில் புகை பறக்க.
நான் தோற்றுக்கொண்டே இருந்தேன்.
வெளியே கார் விளக்கு திரும்பியபோது
கணக்குப் பார்த்தோம்.
ஏழு டாலர் வைத்துக்கொள், என்றேன்.
பதினொன்று, என்றான்.
எட்டு.
பதினொன்று, என்றான் மறுபடி,
முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து.