எதிர்பாராச் செலவு

கருணாதிலக பாஸ் சுவரைத் தட்டிக்
காதை ஒட்ட வைக்கிறார்.
"உள்ள ஒண்டுமில்ல, மிஸ்."
கொப்பியில் எழுதுகிறேன்:
பூச்சு உரித்துத் திரும்பப் பூச, நாலு லட்சம்.

வெள்ளவத்தை. மூன்றாம் மாடி.
எழுநூற்றிருபது சதுர அடி.
யன்னலைத் திறந்தால் கடல்.
விற்றவனின் விளம்பரத்தில் அதுதான் முதல் வரி.
பாஸுக்கு அது வெறும் உப்பு.
பல்கனித் தளத்தில் கொங்கிரீட் பெயர்ந்த இடத்தைக் காட்டுகிறார்:
கம்பி,
தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட் மாதிரி
விரல் பட உதிர்கிறது.

குளியலறைத் தரையை முழுக்கக் கிண்டவேணும்.
கீழ்வீட்டு ஜெசீமா டீச்சர்
தன் சீலிங்கில் ஊறும் ஈரத்தைப் படமெடுத்து
வெள்ளிக்கு வெள்ளி அனுப்புகிறா,
கறை வளர்வதை நான் பார்க்கவேணுமாம்.

வயர், பைப், சிங்க். டைல்ஸ் உள்ளூர்ச் சாமான் போதும்.
குப்பைக்கு லொறி இரண்டு நடை.
லிப்ட் இல்லை; சீமெந்துப் பைக்கு
மாடிக்கு மாடி தனிக்கூலி.
எல்லாமாய் முப்பத்தெட்டு லட்சம்.
எதிர்பாராச் செலவு, பத்து வீதம்,
பிறகு சேர்க்கலாம்.
வாடகை தொண்ணூற்றையாயிரம் வந்தால்
நாற்பது மாதத்தில் முதல் திரும்பும்,
வட்டியை மறந்தால்.
பதினேழு வருடம் வங்கியில் இருந்தவள்
வட்டியை மறக்கிறாள்.

பிறகுதான் பழைய அலுமாரியை நகர்த்தினோம்.
பின்சுவரில், பென்சிலில்,
யாரோ தமிழில் போட்ட கணக்கு:

கண்ணாடி 11
கதவு 2
பூட்டு 1
புகைக்கரி கழுவ ஆள் 3, நாள் 2

நேரே விலைகள். அடியில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே வெறும் சுவர்.

திகதி இல்லை.
அந்த விலைகளை வைத்தே வருடத்தைச் சொல்லிவிடலாம்.
பாஸ் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
பாணந்துறைப் பக்கம் ஒரு ரயில் போனது,
யன்னல் சட்டம் கொஞ்சம் பேசி ஓய்ந்தது.

பழக்கதோஷம்: மனசுக்குள் கூட்டினேன்.
இன்றைக்கு அந்தக் காசுக்கு
ஒரு கதவின் பிணைச்சலும் வராது.

பத்தை வெட்டி இருபத்தைந்து வீதம் என்று மாற்றினேன்.
நாற்பத்தேழரை. ஐம்பது மாதம்.
ஏன் என்று பாஸ் பார்த்தார்.
"அந்தச் சுவரையும் தட்டுங்கோ."
தட்டினார். இரண்டாம் தரமும் தட்டினார்.
"இது இறுக்கம், மிஸ். உரிக்க வேண்டாம், பெயின்ட் காணும்.
ஆனா பென்சில் லேசில மறையாது.
மூணு கோட் அடிக்கோணும்."

இரண்டு என்று எழுதினேன்.