இப்போது இணைப்பில்: ஒருவர்

ஈசூனில், பன்னிரண்டாம் மாடியில்,
துணி காயும் மூங்கில்களுக்கு இப்பால்
ஒரு மீன்தொட்டியும் ஒரு மன்றமும் வைத்திருக்கிறேன்.
இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

மன்றத்தின் பெயர் செவுள்.
இரண்டாயிரத்து ஏழில் திறந்தேன்.
தமிழில் பேசி மீன் வளர்ப்பவர்கள்
இந்தத் தீவில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்றாள் தங்கை.
நானூற்றுப் பதினாறு பேர்.
தேக்கா கப்பி, கிளமெண்டி கெளுத்தி, அரோவானா அந்தோணி.
பாசிர் ரிஸ் பண்ணையில் வேலைபார்த்த ஹாஜா மைதீன்
சொந்தப் பெயரிலேயே வந்தார்,
ஒளிக்க ஒன்றுமில்லை என்று.

குழாய்த்தண்ணீர் நிரப்பிய புதுத்தொட்டியில்
எத்தனை நாள் கழித்து மீன் விடலாம்?
இதற்கு மட்டும் முப்பத்தெட்டுப் பக்கச் சண்டை.
கோபித்துக்கொண்டு போன இருவர்
அடுத்த மாதமே வேறு பெயர்களில் திரும்பினார்கள்.
எழுத்துப்பிழைகளை வைத்துக் கண்டுபிடித்தோம்.
யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு முகநூல் வந்தது.
யாரும் விடைபெற்றுப் போகவில்லை.
உணவங்காடியில் வரிசை மாறுகிறவர்கள்போல
தட்டைக் கையில் ஏந்தியபடியே நகர்ந்தார்கள்.
அங்கே எல்லாரும் இருந்தார்கள்.
மீனும் இருந்தது, மைத்துனன் கல்யாணமும் இருந்தது,
கேட்காமலே ஒரு பாட்டும்.
கேள்வி போட்டால் ஏழு நிமிடத்தில் எண்பது இதயம்.
மறுநாள் பதில் தேடிப் போனால்
கேள்வியையே காணோம்.

சிராங்கூன் நார்த் மீன்கடையில் ஹாஜா மைதீனைப் பார்த்தேன்.
'அங்க வாங்களேன், ஆயிரம் பேர் இருக்கோம்' என்றார்.
ஒரு கையில் நீர்ப்பை, அதற்குள் இரண்டு மீன்.
மறுகையின் கட்டைவிரல்
பேசும்போதும் படங்களை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.

நானும் போனேன். பொய் சொல்வானேன்.
என் நீல டிஸ்கஸை
விளக்கை மாற்றி மாற்றிப் படம் பிடித்துப் போட்டேன்:
'முழு விவரம் செவுளில்.'
முந்நூற்றுப் பன்னிரண்டு இதயங்கள்.
ஒரே ஒரு புது உறுப்பினர்.
நாலு வரி எழுதி வரவேற்றேன்.
அவர் மலிவு விலையில் காலணி விற்க வந்தவர்.
மனிதர்கூட இல்லை.

நீர்மேல் எழுத்து என்று அதை ஏசலாம்.
ஆனால் மீன் நீரில்தானே இருக்கிறது.
நான் கண்ணாடியில் படிந்த பாசி.

ஏப்ரலில் இடவாடகை கட்டும் நாள்.
நள்ளிரவு தாண்டி உள்ளே போய்ப் பார்த்தேன்.
இப்போது இணைப்பில்: ஒருவர். விருந்தினர்.
நெஞ்சு ஒரு துள்ளல் துள்ளியது.
நாற்பது நிமிடம் அசையாமல் இருந்தேன்,
மூச்சுவிட்டால் கலைந்துவிடும் என்பதுபோல.
பிறகுதான் தெரிந்தது,
அது என் கைப்பேசி.
சமையலறையில், நான் மூட மறந்த பக்கம்.

தூக்கம் போய்விட்டது.
பழைய பக்கங்களில் இறங்கினேன்.
2014 செப்டம்பர். உட்லண்ட்ஸ் வாசு:
'என் தங்கமீன் ஒருக்களித்து மிதக்கிறது.
யாராவது இருக்கிறீர்களா?'
கீழே ஒன்றுமில்லை.
அந்த வாரம் நாங்கள் எல்லாரும்
எங்கே இருந்தோம் என்று எனக்குத் தெரியும்.

எழுதினேன்:
மூன்று நாள் பட்டினி போடுங்கள்.
பிறகு பச்சைப்பட்டாணி, வேகவைத்து, தோலுரித்து,
மிளகில் பாதியளவு.
தண்ணீரின் ஆழத்தைக் குறையுங்கள்.
தாமதத்துக்கு மன்னிக்கவும்.
வாடகையையும் கட்டிவிட்டுப் படுத்தேன்.

ஒன்பது நாள் கழித்து, அதன் கீழே:
'மீன் அன்னைக்கே செத்துப்போச்சு லா.
இங்க பதில் வந்திருக்குன்னு மின்னஞ்சல் வந்துச்சு.
கடவுச்சொல் மறந்து, நாலாவது தடவைதான் திறந்தது.
பட்டாணி உறையவெச்சதா, டின்னா?'