ஏழாம் துறை

புந்தா அரேனாஸின் தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்,
காற்று ஆளைச் சாய்த்துவிடாமலிருக்க.
ஒரு கையில் அந்தக் கயிறு,
மறுகையில் அட்டைப்பெட்டி.
யஸ்னா வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பது.
பெட்டிக்குள் இருப்பது நெருப்புமில்லை, சுவருமில்லை.
ஃபயர்வால் என்கிறார்கள்.

நண்டு பதப்படுத்தும் ஆலை.
சாப்பாட்டு இடைவேளை நாற்பது நிமிடம்,
அதற்குள் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றியாக வேண்டும்.
சர்வர் அறை முன்பு உப்புக் கிடங்கு.
சுவரை நக்கினால் இன்னும் கரிக்கும் என்கிறான்
காவலாளி எலியேசர்,
நக்கிப் பார்த்தவன் போல.

டார்ச் அடித்துப் பார்க்கிறாள்.
இடது ஓரம் நீல வளையமிட்ட கன்சோல்:
மற்ற எல்லாம் சாத்திய பிறகும்
நேரில் வந்து நிற்பவருக்குத் திறக்கிற வாசல்.
அடுத்தது மேலாண்மைக் கம்பி. கொக்கி முறிந்து,
வார் அறுந்த செருப்பாய்க் கழன்று கழன்று விழ,
யாரோ ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகி நிறுத்தியிருக்கிறார்கள்.
நான்கு வருடமாக
அந்தக் குச்சியின் பொறுப்பில் நடந்திருக்கிறது ஆலை.

ஒளியிழைக்கு இரண்டு குழிகள்.
ஒன்றின் வழியே சாந்தியாகோ வருகிறது.
மற்றதில் ரப்பர் மூடி, வாங்கிய நாளிலிருந்து கழற்றாதது.
பிறகு, துணைப்பெட்டிக்குப் போகும் ஒரு முழக் கம்பி,
இருக்கிறாயா, இருக்கிறாயா என்று
நொடிக்கொரு தரம் கேட்பது.
துணைப்பெட்டி நினைவு தப்பி இரண்டு குளிர்காலம்.
மின்சாரம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது.
கேள்வியும் நின்றபாடில்லை.
அதைத்தான் முதலில் பிடுங்கினாள்.

துறை என்றால் என் மொழியில்
படகு அணையும் கரை, குளிக்க இறங்கும் படி,
பாட்டு எதைப் பற்றியது என்று சொல்லும் ஒற்றை வரி.
அவள் மொழியிலும்
வெளியே நீரிணையில் கப்பல்கள் முட்டிக்கொள்ளும் இடத்துக்கும்
எட்டுப் பொன்முலாம் பற்கள் வரிசையாய் நிற்கும்
இந்தச் சதுரப் பொந்துக்கும்
ஒரே சொல்தான்.

பட்டியலில் ஆறு கம்பிகள்.
ஏழாவதில் சாம்பல் நிறத்தில் ஒன்று,
சீட்டு ஒட்டாமல்,
கூரைப் பலகைக்குள் ஏறி மறைகிறது.
உத்தரவில் குழப்பமில்லை: பட்டியலில் இல்லாதது வேண்டாம்.
பிடுங்கினாள்.
எலியேசர் மாத்தேயை உறிஞ்சினான், எதுவும் சொல்லவில்லை.
அவன் சொல்லாததை அவள் கவனித்திருக்க வேண்டும்.

நான்கு நிமிடம்.
படியில் ரப்பர் காலணிகள்.
கதவில் ஒனெல், ஹைட்டிக்காரன்,
ஏப்ரனில் ஓட்டுத் துணுக்குகள், கையில் போன்.
கேள்வியேதும் கேட்காமல்
திரையை அவள் பக்கம் திருப்பினான்:
பாதிச் சிரிப்பில் உறைந்துபோன சிறுமி,
முன்பல் இரண்டு விழுந்த வாய்.

கன்சோலில் லேப்டாப்பைச் செருகிப் படித்தாள்.
விதி முப்பத்தொன்று.
பெயர்: தொடாதே.
எழுதியவர் பெயர் இல்லை.
அனுமதி: ஏழாம் துறை, இரவு ஒன்பதிலிருந்து
ஒன்பது நாற்பது வரை.

எந்த ஃபயர்வாலிலும் கடைசி விதி ஒன்றுதான்:
மேலே சொல்லாத அனைத்தையும் மறு.
ஆனால் விதிகளை மேலிருந்து கீழாகத்தான் வாசிக்கும் அது.
கடைசி விதிக்கு முன்னால்
ஒரு வரிக்கு எப்போதும் இடமிருக்கிறது.

"பத்து நிமிடம் எல்லாமே போகும்," என்றாள். "பிறகு வரும்."
அவன் படியிலேயே உட்கார்ந்தான்.
திருகாணி நான்கு, தரைக்கம்பி ஒன்று,
மின்கயிறு இரண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பொத்தான்.
புதிய பெட்டி இரைந்து எழுந்தபோது
ஒன்பது முப்பத்தாறு.
மிச்சம் நான்கு நிமிடம்.
விதியில் நாற்பதை அழித்து ஐம்பது என்று அடித்தாள்.

அறிக்கையில் எழுதினாள்:
ஆறு கம்பிகள் மாற்றப்பட்டன. ஏழாம் துறை காலி.
ஏழாவது விளக்கு பச்சையாய் மினுக்கிக்கொண்டிருந்தது,
படியில் புரியாத மொழியில் யாரோ திட்டு வாங்கும் சத்தம்,
சிறுமியின் குரலில்.

வெளியே காற்று.
கயிற்றைப் பிடித்த பிறகுதான் நினைவு வந்தது,
டார்ச் உள்ளேயே இருக்கிறது.
சட்டைப்பையில் பல்குத்தும் குச்சி.