மூன்றரை அடி

கொரடாச்சேரி ரைஸ்மில்.
சுவரில் நாலு ஓட்டை, நாலு ஆங்கர் போல்ட்,
ரசமட்டத்தில் குமிழி நடுவே நின்றதும்
பேனல் போர்டை விட்டுத் தரைக்கு வந்தேன்.
சுவரிலிருந்து மூன்றரை அடிக்கு
மஞ்சள் பெயிண்டில் ஒரு கட்டம்.

"இதுல என்ன வைக்கப் போறீங்க?"
"ஒண்ணும் வைக்கக் கூடாதும்மா."
தையல்நாயகி அம்மாள் கண்ணாலேயே அளந்தார்.
"இருபது மூட்டை நிக்குற எடம்."
குறுவை வரத்து. வாசலில் மூன்று லாரி.

பக்கிரிசாமியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
அவனுக்குப் பின்னால் உமி மூட்டை இருந்தது.
ஃபியூஸ் சீறியபோது
கால் பின்னே போக நினைத்திருக்கும்.

சொல்லவில்லை.
போர்டின் கதவை முழுக்கத் திறந்தேன்,
முன்னால் குந்தினேன், எழுந்தேன்,
சுட்டவன் போல
சட்டென்று பின்னுக்கு ஒரு தாவல்.
குதிகால் மஞ்சள் கோட்டில் நின்றது.

அம்மாள் சிரிக்கவில்லை.
லாரிக்காரனை மட்டும் பார்த்தார்.

ஐப்பசி அடைமழையில் பாக்கிப் பணத்துக்குப் போனேன்.
மூட்டைகள் தகரம் தொட, நடக்க வழியில்லை.
மஞ்சள் கட்டத்துக்குள்
யாரோ நனையாமல் நிறுத்திய சைக்கிள்,
அது ஒன்றுதான்.

மணியடித்துப் பார்த்தேன்.
மில் இரைச்சலில் எவனுக்குக் கேட்கும்?
நானே உருட்டிக்கொண்டுபோய்
மழையில் விட்டேன்.